கலிங்கு இல்லாத கரைகள்

சுரங்கத்தில் வெட்டியெடுக்கும் தாதுவில் பெரும்பகுதி கழிவாகத்தான் போய்ச் சேர்கிறது. 1 சதவீதம் செம்பு இருக்கும் பாறையை ஒரு டன் அரைத்தால் அதிகபட்சம் 10 கிலோ செம்பு தேறும். மிச்சம் 990 கிலோ மாவாக அரைபட்டு, நீரோடு கலந்து, சேறாகக் குழாய் வழியே ஓடி, பக்கத்துப் பள்ளத்தாக்கில் தேங்குகிறது. தங்கச் சுரங்கத்தில் இந்த விகிதம் இன்னும் மோசம்; டன்னுக்குச் சில கிராம்தான் பொருள். நிலக்கரியைக் கழுவினால் கருஞ்சேறு. பாக்சைட்டிலிருந்து அலுமினா எடுத்தால் காரம் கலந்த செஞ்சேறு. இந்தச் சேற்றையும் அதன் மேல் நிற்கும் நீரையும் பிடித்துவைக்க எழுப்பும் கரைதான் சுரங்கக் கழிவு அணை.

ஆற்றின் குறுக்கே கட்டும் அணைக்கும் இதற்கும் அடிப்படையிலேயே வேறுபாடு உண்டு. ஆற்றணை ஒருமுறை கட்டி முடிக்கப்படுகிறது. அதன் உயரம் முதல் நாளே தீர்மானமாகிவிடும். உபரி நீர் வழியும் கலிங்கும் அந்த உயரத்துக்குப் பொருந்தக் கட்டப்படும். கழிவு அணை அப்படிக் கட்டி முடிக்கப்படுவதே இல்லை. சுரங்கம் ஓடும் காலமெல்லாம் சேறு வந்துகொண்டிருக்கும், குளம் நிரம்ப நிரம்பக் கரையை உயர்த்திக்கொண்டே போக வேண்டும். 20, 30 ஆண்டுகளில் பத்து முறை உயர்ந்த கரைகள் உண்டு. உயர்த்துவதற்கான மண்ணும் பெரும்பாலும் அந்தக் கழிவேதான்.

கலிங்கின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கரை ஒரு படி உயரும்போது பழைய கலிங்கு புதைந்துபோகும். புதிய உயரத்தில் இன்னொன்று வேண்டும். அதற்குத் தனிச் செலவு, தனி வடிவமைப்பு, தனி அனுமதி. ஆலைக்கு வருமானம் தராத இந்த வேலை அடுத்த ஆண்டுக்கு, அதற்கடுத்த ஆண்டுக்கு என்று தள்ளிப்போகிறது. கரை மட்டும் உயர்ந்துகொண்டே போகிறது. சுரங்கக் குளங்கள் உடைந்த வரலாற்றைப் புரட்டினால், நீருக்கு வழி விடாமலே கரையை உயர்த்திய கதை திரும்பத் திரும்ப வருகிறது.

பஃபலோ கிரீக், 1972

அதற்கு முழு எடுத்துக்காட்டு அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் லோகன் மாவட்டத்திலுள்ள பஃபலோ கிரீக் பள்ளத்தாக்கு. பிட்ஸ்டன் நிலக்கரி நிறுவனத்தின் துணை நிறுவனம் ஒன்று அங்கே ஒரு கிளை ஓடையில் மூன்று கரைகளை ஒன்றன் மேல் ஒன்றாக, ஓடையின் மேற்பக்கம் நோக்கி அடுக்கியிருந்தது. மூன்றாவது கரைக்கு அடித்தளம் பாறையோ இறுகிய மண்ணோ இல்லை. இரண்டாவது குளத்தில் படிந்திருந்த கருஞ்சேறு. கரையும் நிலக்கரிக் கழிவுக் கல்லை லாரியில் கொண்டுவந்து கொட்டி, புல்டோசரால் தள்ளிச் சமன் செய்தது. வடிவமைப்பு வரைபடம், மண் ஆய்வு, வெள்ளக் கணக்கு எதுவும் கிடையாது. கலிங்கும் கிடையாது. உபரி நீர் போக இருந்தது 24 அங்குல விட்டமுள்ள ஒரே ஒரு குழாய்.

1966-இல் வேல்ஸ் நாட்டின் அபர்வானில் நிலக்கரிக் கழிவு மேடு சரிந்து, பள்ளிக் குழந்தைகள் 116 பேர் உட்பட 144 பேர் இறந்தனர். அதையடுத்து மேற்கு வர்ஜீனியாவின் கழிவு மேடுகளை ஆராய்ந்த அமெரிக்க நிலவியல் ஆய்வகம், பஃபலோ கிரீக்கில் அப்போதிருந்த கரையின் மேல் நீர் வழிந்து அரிக்க வாய்ப்புண்டு என்று எச்சரித்திருந்தது. 1971 பிப்ரவரியில் மூன்றாவது கரையின் வெளிச்சரிவில் ஒரு பகுதி சரிந்தும் விழுந்தது. அதைச் சரிசெய்து, குளத்தில் சேறு விடுவதைத் தொடர்ந்தார்கள்.

1972 பிப்ரவரி 26-ஆம் தேதிக்கு முந்தைய மூன்று நாட்களில் அங்கே பெய்த மழை 3.7 அங்குலம், அதாவது 94 மி.மீ. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னை ஒரே நாளில் பார்த்துவிடும் அளவு. குளம் மணிக்கு ஓரிரு அங்குலம் ஏறிக்கொண்டிருந்தது. நிறுவன அதிகாரிகள் இரவெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பள்ளத்தாக்கில் இருந்தவர்களுக்கு முறையான எச்சரிக்கை போகவில்லை. காலை 8 மணியளவில் கரை உடைந்தது. சுமார் 13 கோடி காலன் கருநீர் கால் மணி நேரத்தில் வெளியேறி, வரிசையாக இருந்த 16 குடியிருப்புகளில் புகுந்தது. 125 பேர் இறந்தார்கள். 1,100 பேருக்கு மேல் காயம். சுமார் 5,000 பேர் வாழ்ந்த பள்ளத்தாக்கில் 4,000 பேருக்கு மேல் வீடிழந்தனர். உடைவதற்கு நான்கு நாள் முன்பு அரசின் சுரங்க ஆய்வாளர் அந்தக் கரையைப் பார்த்துத் திருப்தி தெரிவித்திருந்தார்.

நிறுவனம் அதை ‘கடவுளின் செயல்’ என்றது. உயிர் பிழைத்தவர்களில் 600-க்கும் மேற்பட்டோர் தொடுத்த வழக்கு 1974-இல் 1.35 கோடி டாலருக்குச் சமரசமானது. மாநில அரசு 10 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டு, கடைசியில் 10 லட்சத்துக்கு ஒப்புக்கொண்டது. உடைப்பு நடந்த 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டிலேயே அமெரிக்காவின் முதல் தேசிய அணை ஆய்வுச் சட்டம் வந்தது. சுரங்கக் குளங்களுக்குத் தனி விதிகளும் வந்தன. 20 அடி உயரத்துக்கு நீரையோ சேற்றையோ தேக்கும் கரைக்கும், 5 அடி உயரமே ஆனாலும் 20 ஏக்கர்-அடி கொள்ளளவு உள்ளதற்கும் பதிவுபெற்ற பொறியாளர் சான்றளித்த வடிவமைப்பு கட்டாயம். ஏழு நாட்களுக்கு ஒருமுறையாவது தகுதியுள்ளவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

எந்த வெள்ளத்துக்குக் கட்டுவது?

கலிங்கின் அளவைத் தீர்மானிக்கும் முதல் கேள்வி, எத்தனை பெரிய வெள்ளத்தைத் தாங்க வேண்டும் என்பது. ‘நூறாண்டு வெள்ளம்’ என்ற சொல் தரும் ஆறுதல் ஏமாற்றக்கூடியது. எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளம் என்பதே அதன் பொருள். 20 ஆண்டு ஓடும் சுரங்கத்தின் வாழ்நாளில் அப்படியொரு வெள்ளமாவது வர 18 சதவீத வாய்ப்பு உண்டு. நூறு ஆண்டு நிற்கும் கரைக்கு அது 63 சதவீதம். பத்தாயிரம் ஆண்டு வெள்ளத்துக்குக் கட்டினால்தான் நூறாண்டுக் கால ஆபத்து 1 சதவீதமாகக் குறைகிறது. ஆகவே கரைக்குக் கீழே மனிதர் வாழும் இடங்களில் பொறியாளர்கள் வாய்ப்புக் கணக்கையும் தாண்டி, அந்த வட்டாரத்தின் வானிலையில் பெய்யச் சாத்தியமான மிகப் பெரிய மழை எது, அதனால் வரக்கூடிய உச்ச வெள்ளம் எது என்று கணக்கிடுகிறார்கள்.

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 11223 (1985) இதற்கொரு அளவுகோல் தருகிறது. கொள்ளளவு 5 லட்சம் கன மீட்டரிலிருந்து 1 கோடி வரை என்றால் சிறிய அணை. நூறாண்டு வெள்ளம் போதும். 6 கோடி கன மீட்டரைத் தாண்டினால் பெரிய அணை. உச்ச வெள்ளத்துக்கே கட்ட வேண்டும். நடுத்தர அணைக்கு இடைப்பட்ட ஓர் அளவு. நீர்த்தேக்கங்களை மனதில் வைத்து எழுதிய விதி இது. ஆனால் பஃபலோ கிரீக்கில் வெளியேறிய 13 கோடி காலனைக் கன மீட்டரில் சொன்னால் 5 லட்சம்தான், அதாவது ‘சிறிய அணை’ வகுப்பின் வாசற்படி. 1985-இல் இத்தாலியின் ஸ்தாவாவில் 268 பேரைக் கொன்ற சேறு 1,80,000 கன மீட்டர். இந்தப் பட்டியலுக்குள்ளேயே வராத அளவு. கீழே ஆபத்து அதிகமென்றால் கூடுதல் வெள்ளத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று அந்த விதி இடம் தருகிறது. சுரங்கக் குளத்தைப் பொறுத்தவரை அந்த இடமே விதியாக இருக்க வேண்டும். கரையின் கீழே யார் குடியிருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் வெள்ளத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கொள்ளளவை வைத்து அல்ல.

வெள்ளத்தைத் தேர்ந்த பிறகு வருவது மூன்று கணக்குகளின் சேர்க்கை: எவ்வளவு வருகிறது, எவ்வளவு தேங்குகிறது, எவ்வளவு வழிகிறது. எளிய எடுத்துக்காட்டாக 2 சதுர கி.மீ. நீர்ப்பிடிப்பும் 20 ஹெக்டேர் நீர்ப்பரப்பும் உள்ள ஒரு குளத்தை எடுத்துக்கொள்ளலாம். கலிங்கின் வாய்மட்டம் வரை குளம் நிரம்பியிருக்கிறது. கரையின் உச்சி அதற்கு 1.5 மீட்டர் மேலே. 6 மணி நேரத்தில் 300 மி.மீ. மழை சீராகப் பெய்து, முழுவதும் குளத்துக்கு வருகிறது. வரும் நீர் 6 லட்சம் கன மீட்டர். வெளியேற வழியில்லை என்றால் குளம் 3 மீட்டர் ஏற வேண்டும். பாதி மழை பெய்ததுமே கரையின் மேல் நீர் வழியத் தொடங்கிவிடும்.

கலிங்கு வழியே பாயும் நீரின் அளவு அதன் அகலத்துக்கு நேர்விகிதத்திலும், வாய்மட்டத்துக்கு மேல் நிற்கும் நீரின் உயரத்துக்கு ஒன்றரை அடுக்கிலும் மாறுகிறது. அகன்ற மட்டமான வாயுள்ள கலிங்கில் ஒவ்வொரு மீட்டர் அகலத்துக்கும், ஒரு மீட்டர் உயர நீருக்கு, நொடிக்கு ஏறத்தாழ 1.7 கன மீட்டர் பாயும். மேலே சொன்ன குளத்தில் 10 மீட்டர் அகலக் கலிங்கு வைத்து மணிக்கு மணி கணக்குப் போட்டால், மழை முடியும்போது நீர் சுமார் 1.3 மீட்டர் ஏறியிருக்கும். கரை உச்சிக்கு மிச்சம் 20 செ.மீ. காற்று கிளப்பும் அலைக்கே அது போதாது. அகலம் 20 மீட்டர் என்றால் நீர் 0.9 மீட்டரோடு நின்றுவிடும், 60 செ.மீ. மிச்சமிருக்கும். கூடுதல் 10 மீட்டர் அகலத்துக்கு ஆகும் கான்கிரீட் செலவு, கரைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அற்பம். உண்மையில் எந்த மழையும் சீராகப் பெய்யாது. நடுவில் கொட்டித் தீர்க்கும் ஒரு மணி நேரம் இருக்கும். அதையும் சேர்த்தால் 10 மீட்டர் கலிங்கில் கரை தப்புவது கடினம்.

நீர்மட்டத்துக்கும் கரை உச்சிக்கும் இடையே விடும் அந்த இடைவெளியைப் பொறியாளர்கள் ஃப்ரீபோர்டு என்பார்கள். அலை, கரை மெல்ல அமுங்கித் தாழ்வது, கணக்கில் வராத பிழை மூன்றுக்கும் சேர்த்து விடப்படும் இடம் அது. சுரங்கத்தில் அதைக் காலியிடமாகப் பார்க்கும் பழக்கம் உண்டு. இன்னும் ஒரு மாதத்துச் சேற்றை அங்கே விட்டுவிடலாம் என்று தோன்றும். தென்னாப்பிரிக்காவின் மெரிஸ்ப்ரெய்ட்டில் நடந்தது ஏறத்தாழ அதுதான். தங்கச் சுரங்கத்தின் 31 மீட்டர் உயரக் கழிவு அணை அது. வீடுகள் தொடங்குவது 320 மீட்டர் தொலைவில். குளத்தின் நடுவே வடிகோபுரத்தைச் சுற்றி நிற்க வேண்டிய நீர், ஊர்ப்பக்கக் கரையை ஒட்டி வந்து நின்றிருந்தது. 1994 பிப்ரவரி 22 மாலை, அரைமணி நேரத்தில் 50 மி.மீ. அளவுக்கு இடிமழை. நீர் கரையைத் தாண்டி வழிந்து வெளிச்சரிவை அரித்தது; சற்று நேரத்தில் 6 லட்சம் கன மீட்டர் சேறு ஊருக்குள் இறங்கியது. 17 பேர் இறந்தனர்.

கலிங்கை எங்கே வைப்பது?

மண்கரையின் மேல் கலிங்கு வைக்கக் கூடாது என்பது பழைய பாடம். கரை அமுங்கும்போது கான்கிரீட் வெடிக்கும், வெடிப்பில் புகும் நீர் கரையை உள்ளிருந்து அரிக்கும். கரை முடிந்து மலை தொடங்கும் இடத்தில், அசையாத பாறையை வெட்டி அமைப்பதே நல்லது. பாறை இல்லையென்றால் கான்கிரீட் வாய்க்கால், அதன் அடியில் வடிகால், முடிவில் நீரின் வேகத்தைத் தணிக்கும் தொட்டி. செங்குத்தான சரிவில் இறங்கும் நீர் நொடிக்குப் பத்து மீட்டருக்கு மேல் வேகம் பிடிக்கும். தணிக்காமல் விட்டால் கரையின் அடிவாரத்தையே தோண்டிவிடும்.

இடம் கிடைக்காத குறுகிய பள்ளத்தாக்கில், கரைக்கடியில் குழாய் பதித்து நீரை வெளியே விடும் ஆசை வரும். அன்றாடம் தெளிந்த நீரை வடிக்க இது ஏற்றதுதான். வெள்ளத்துக்கு இதை நம்பக் கூடாது. ஒரு மரத்துண்டு போதும் வாயை அடைக்க. மேலே ஏறும் சேற்றின் எடையில் குழாய் நசுங்கும், மூட்டுகள் விலகும், குழாயின் வெளிப்புறத்தை ஒட்டி நீர் வழி கண்டுபிடித்து மண்ணை எடுத்துச் செல்லும். ஸ்தாவாவில் மலைச்சரிவில் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு ஃப்ளோரைட் கழிவுக் குளங்கள் இருந்தன. வடிகுழாய்கள் கழிவுக்கும் கரைக்கும் உள்ளேயே போயின. 1985 ஜூலை 19 நண்பகலில் நீர் ஊறிய மேல்கரை சரிந்து கீழ்க் குளத்தின் மேல் விழுந்தது. இரண்டும் சேர்ந்து மணிக்கு 90 கி.மீ. வரை வேகத்தில் பள்ளத்தாக்கில் இறங்கின.

நிலக்கரிக் குளங்களுக்கான அமெரிக்க நடைமுறையில் நிதானமான ஓர் ஏற்பாடு உண்டு. கலிங்கு வைக்க முடியாத குளம் வடிவமைப்பு வெள்ளம் முழுவதையும் தன்னுள்ளேயே தேக்க வேண்டும். தேக்கியதில் 90 சதவீதத்தைப் பத்து நாட்களுக்குள் வடித்துவிடவும் வேண்டும், அடுத்த மழை காத்திருக்காது என்பதால்.

தேக்குவது என்ற தேர்வுக்கு இன்னொரு காரணமும் உண்டு. சுரங்க நீரில் சயனைடோ ஆர்சனிக்கோ அமிலமோ இருந்தால் வழியவிடுவதே குற்றம். ருமேனியாவின் பாயா மாரேயில் தங்க ஆலைக் குளம் ஒரு சொட்டும் வெளியேறாத மூடிய சுற்றாகத் திட்டமிடப்பட்டது. உபரிக்கு வழியே வைக்கவில்லை. 2000 ஜனவரி 30 அன்று மழையும் உருகும் பனியும் சேர்ந்து கரை உடைந்து, சயனைடு கலந்த 1 லட்சம் கன மீட்டர் நீர் டிசா ஆற்றில் கலந்து டான்யூப் வரை போனது. வழியவே கூடாது என்ற விதி வழிவதைத் தடுக்கவில்லை. வழிந்தால் என்ன செய்வது என்ற யோசனையைத்தான் தடுத்தது. மழை வெள்ளத்தில் பலமடங்கு நீர்த்துப்போன கழிவு நீர் கலிங்கில் வழிவது கேடுதான். குளம் மொத்தமாக உடைந்து வருவதோடு ஒப்பிட்டால் அது தாங்கக்கூடிய கேடு. மாசுக் கட்டுப்பாட்டு அனுமதி எழுதுபவர்களும் அணைப் பொறியாளர்களும் ஒரே மேசையில் உட்காராததால் இந்த எளிய ஒப்பீடு பல நாடுகளில் நடப்பதே இல்லை. மலையிலிருந்து வரும் நல்ல நீரைக் குளத்துக்குள் விடாமல் சுற்று வாய்க்காலில் திருப்பிவிடுவதுதான் இரு தரப்புக்கும் உதவும் முதல் வேலை.

மழையே இல்லாத நாளில்

வெள்ளத்துக்கு வழி வைத்துவிட்டால் கரை பாதுகாப்பாகிவிடும் என்பதில்லை. பிரேசிலின் புருமாதின்யோவில் 2019 ஜனவரி 25 அன்று 86 மீட்டர் உயர அணை உடைந்தபோது நீர் கரைமேல் வழியவில்லை. 2016-லிருந்து அதில் சேறு விடுவதே நின்றிருந்தது. நண்பகல் 12.28-க்குக் கரையின் முகப்பு முழுவதும் பத்து நொடிக்குள் குழைந்து இறங்கியதைக் கண்காணிப்புக் கேமரா பதிவு செய்தது. கீழே நிறுவனத்தின் உணவகம்; சாப்பாட்டு நேரம். கருவிலிருந்த இரு சிசுக்களையும் சேர்த்து 272 உயிர்கள் போயின.

காரணம், அந்த அணை ‘மேலேற்று’ முறையில் உயர்த்தப்பட்டது. ஒவ்வொரு புதுக் கரையும் முந்தைய கரைக்குப் பின்னால் படிந்திருந்த கழிவின் மேல் உட்கார்ந்திருந்தது. தளர்வாகப் படிந்து நீர் ஊறிய நுண்மணல் சிறு அதிர்வில் அல்லது சுமை மாற்றத்தில் பிடிப்பை இழந்து திரவமாகிவிடும். அலை பின்வாங்கும்போது கடற்கரை ஈர மணலில் நின்று காலை அசைத்தால் மணல் குழைந்து கால் புதைகிறதே, அதேபோல. வெளிப்பக்கமாகக் கரையைப் பெருக்கிக்கொண்டு போகும் முறையில் இந்த ஆபத்து மிகக் குறைவு. ஆனால் மண் பலமடங்கு வேண்டும். மலிவான முறையைத் தேர்ந்ததன் விலை பல ஆண்டு கழித்து, வேறு யாரோ கட்டும் விலையாக வருகிறது. பிரேசில் அதே ஆண்டு மேலேற்று அணைகளைத் தடை செய்தது.

சரிவின் உறுதியைப் பொறியாளர்கள் ஓர் எண்ணால் சொல்வார்கள்: மண்ணின் தாங்கும் வலிமையை, அதைச் சரிக்கப் பார்க்கும் விசையால் வகுத்து வருவது. 1 என்றால் விளிம்பு. சாதாரண நிலையில் 1.5 வேண்டும். நீர் வடியாத நிலைக்கு 1.3-ஆவது வேண்டும் என்பது பரவலான எதிர்பார்ப்பு. உடைவதற்குச் சில மாதம் முன்பு புருமாதின்யோ அணைக்கு வந்த கணக்கு 1.09. ஆனாலும் அணை உறுதியானது என்ற சான்றிதழ் கையெழுத்தானது. சான்றிதழ் தருபவருக்குக் கூலி தருவது அணையின் உரிமையாளர் என்ற ஏற்பாட்டின் பலவீனம் இதைவிடத் தெளிவாக வெளிப்பட்டதில்லை.

கரை நன்றாக இருந்தும் குளம் கைவிட்டதுண்டு. 2000 அக்டோபர் 11 அன்று அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம் மார்ட்டின் மாவட்டத்தில் நிலக்கரிச் சேற்றுக் குளத்தின் அடித்தளம் உடைந்து, கீழே கைவிடப்பட்ட சுரங்கப் பாதைகளுக்குள் 30 கோடி காலன் சேறு இறங்கி, மலையின் இருபுறமும் வெளியேறியது. உயிர்ச்சேதம் இல்லை; ஓடைகள் கறுத்தன. கனடாவின் மவுன்ட் பாலியில் 2014 ஆகஸ்ட் 4 அன்று கரைக்கடியில், பனியாற்று ஏரியில் படிந்த ஒரு களிமண் அடுக்கு வழுக்கியது. அந்த அடுக்கு ஆய்வுகளில் தவறிப்போயிருந்தது. அங்கேயும் குளத்தில் அளவுக்கு மீறி நீர் தேங்கியிருந்ததால் சுமார் 2.5 கோடி கன மீட்டர் நீரும் சேறும் வெளியேறின. விசாரணைக் குழு சொன்ன முதல் மருந்து, சேற்றின் மேல் நீர் தேக்கும் பழக்கத்தையே விட்டுவிடுங்கள் என்பது. நீரைப் பிழிந்தெடுத்து, ஈர மண்ணாகக் கழிவை அடுக்கும் முறை இப்போது பல சுரங்கங்களில் வந்துவிட்டது. செலவு கூடும், உடைந்தாலும் ஆறாக ஓடாது.

கரையோரம் ஒரு நடை

பாதுகாப்பு மதிப்பீடு என்றால் கணினிக் கணக்கு மட்டும் போதாது. அனுபவமுள்ள பொறியாளர் முதலில் போவது கரையின் உச்சிக்கு அல்ல, அடிவாரத்துக்கு. காய்ந்த சரிவில் ஓரிடத்தில் மட்டும் புல் பச்சையாக இருந்தால் உள்ளே நீர் ஏறியிருக்கிறது. கசிந்து வரும் நீரைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பார். தெளிவாக இருந்தால் கவலை குறைவு. கலங்கி, அடியில் மண் படிந்தால் கரையின் உட்புறம் கரைந்து வெளியேறுகிறது. அன்றைக்கே நடவடிக்கை வேண்டும். கசிவின் அளவு மழை இல்லாமலே கூடினாலும், வழக்கமாக வரும் கசிவு திடீரென நின்றாலும் ஆபத்துதான். நின்றுபோனது என்றால் வடிகால் அடைபட்டு உள்ளே அழுத்தம் ஏறுகிறது.

பிறகு உச்சிக்கு. நீளவாக்கில் கோடிட்டது போன்ற விரிசல், ஓரிடத்தில் மட்டும் தாழ்ந்த கரை, நீர்விளிம்புக்கும் கரைக்கும் இடையே இருக்க வேண்டிய மணல்திட்டின் அகலம். கலிங்கில் முளைத்த செடி, விழுந்த மரம், சரிந்த பாறை, இன்னும் கொஞ்சம் தேக்கலாம் என்று யாரோ அடுக்கிவைத்த மணல் மூட்டை. கரைக்குள் நீரழுத்தம் அளக்கும் பீசோமீட்டர்களின் அளவை ஒரு நாள் எண்ணாகப் பார்க்காமல், சில ஆண்டுகளின் வரைகோடாகப் பார்ப்பார். கோடு ஏறுமுகமாக இருந்து மழை அதற்குக் காரணமாக இல்லையென்றால் கேள்வி கேட்க வேண்டும். கடைசியாக ஒரு வரைபடம் கேட்பார்: கரை உடைந்தால் சேறு எத்தனை நிமிடத்தில் எந்த வீட்டை எட்டும், சைரனை அழுத்தும் அதிகாரம் யாருக்கு. புருமாதின்யோவில் சைரன் ஒலிக்கவில்லை.

விதிகளும் விடுபட்ட இடங்களும்

புருமாதின்யோவுக்குப் பிறகு ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும், சுரங்க நிறுவனங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பும், பொறுப்பு முதலீட்டாளர் அமைப்பும் சேர்ந்து 2020 ஆகஸ்டில் ஓர் உலகத் தரநிலையை வெளியிட்டன. கீழே வாழ்வோர் எண்ணிக்கையையும் சேதத்தையும் வைத்து அணைகள் ஐந்து வகுப்புகளாகப் பிரிகின்றன. ஆபத்து மிகக் குறைந்ததற்கு 200 ஆண்டு வெள்ளம். மிக அதிகமானதற்கு 10,000 ஆண்டு வெள்ளம். சுரங்கம் மூடி, ஆட்கள் போன பிறகு எந்த வகுப்பானாலும் 10,000 ஆண்டு வெள்ளத்தைத் தாங்க வேண்டும். நிறுவனத்தின் உச்சியில் இருக்கும் ஒருவர் பெயர் சொல்லிப் பொறுப்பேற்க வேண்டும். இதுவரை வந்தவற்றில் நல்ல ஆவணம் இதுவே. ஆனால் இது நிறுவனங்கள் விரும்பி ஏற்கும் தரநிலை, சட்டம் இல்லை.

இந்தியாவில் 2021-இல் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளும், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவையும் அதன் கீழ் வரும். ஆனால் அணை என்பதற்கு அச்சட்டம் தரும் விளக்கம், ஆற்றின் அல்லது கிளையாற்றின் குறுக்கே நீரைத் தேக்கவோ திருப்பவோ கட்டுவது என்பதுதான். சமவெளியில் நாற்புறமும் கரை எழுப்பிச் சேறு தேக்கும் குளத்தை இந்த வரையறைக்குள் பொருத்துவது எளிதல்ல. சுரங்கத்தோடு நெருங்கிய உறவுள்ள சாம்பல் குளங்களின் கதையே எச்சரிக்கையாக இருக்கிறது. சிங்ரௌலி வட்டாரத்தில் 2019 ஆகஸ்டுக்கும் 2020 ஏப்ரலுக்கும் இடையே மூன்று அனல்மின் நிலையங்களின் சாம்பல் குளங்கள் அடுத்தடுத்து உடைந்தன. மூன்றாவது உடைப்பில் 6 பேர் இறந்தனர்.

மூடிய சுரங்கத்தின் கேள்வி இன்னும் நீண்டது. கர்நாடகத்தில் குதிரேமுக் இரும்புத் தாதுச் சுரங்கம் உச்ச நீதிமன்ற உத்தரவால் 2005 முடிவில் நின்றது. பத்ரா ஆற்றில் சேரும் லக்யா ஓடையின் குறுக்கே, சுமார் 100 மீட்டர் உயரத்தில், அதன் கழிவைத் தேக்கிய அணை மேற்குத் தொடர்ச்சி மலையில் நிற்கிறது. தென்மேற்குப் பருவமழை மிகக் கடுமையாகப் பெய்யும் இடங்களில் ஒன்று அது. சுரங்கம் சம்பாதிப்பதை நிறுத்திவிட்டது, மழை நிற்கவில்லை. இப்படிப்பட்ட கரைகளில் ஒவ்வோர் ஆண்டும் கலிங்கைச் சுத்தம் செய்யவும், கசிவை அளக்கவும் ஆளும் பணமும் வேண்டும், எந்த நிறுவனத்தின் ஆயுளையும் தாண்டி.

ஆகவே புதிய சுரங்கத்துக்கு அனுமதி தரும் அரசுகள் மூன்று விவரங்களை விண்ணப்பத்திலேயே கேட்டு வாங்க வேண்டும்: ஒவ்வொரு முறை கரை உயரும்போதும் கலிங்கு எங்கே போகும் என்ற வரைபடம், சுரங்கம் மூடிய பிறகு அதைப் பராமரிக்க முன்கூட்டியே கட்டிய வைப்புத்தொகை, கரைக்குக் கீழே வாழும் மக்களின் கையில் கொடுத்த வெள்ள வரைபடம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அனுமதி தரக் கூடாது.